ஆப்பிரிக்கப் போர்களில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாயின் சேவை ஆவணத்தைத் தேடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களோடு நடந்த ஜூலு போரிலோ, அங்கு குடியேறிய டச்சு வழியினரான போயர்களோடு நடந்த போயர் போரிலோ இருந்த ஒரு சிப்பாயின் சேவை ஆவணம் இன்று கிடைக்குமா? அவர் பட்டாளத்தை விட்டு எப்படி வெளியேறினார், எந்த ஆண்டில் வெளியேறினார் என்ற இரண்டும் தெரிந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பென்ஷனோடு போனவரின் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. போர்க்களத்தில் இறந்தவரின் தாள்கள் பெரும்பாலும் இல்லை. வீரத்துக்கோ பதக்கத்துக்கோ இதில் பங்கில்லை. புதிதாகத் தேடுகிறவர்கள் இதை அறியாமல் இணையத்தில் பெயரை இட்டுப் பார்த்து, ஒன்றும் வராததும் குடும்பத்தில் சொல்லிவந்த கதையே பொய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. அந்தத் தாள்களை வைத்திருந்தவர்கள் வரலாற்றுக்காக வைத்திருக்கவில்லை, காசுக்காக வைத்திருந்தார்கள். ஓய்வூதியம் கொடுத்த இடம் லண்டனின் செல்சீ ராயல் ஆஸ்பத்திரி. யாருக்கு எத்தனை பென்ஸ் என்று கணக்குப் பார்க்க அவர்களுக்குப் பணிப்பதிவு வேண்டியிருந்தது. பென்ஷன் இல்லாதவரின் பதிவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கீழே சொல்வது பெரும்பாலும் 1870-களிலிருந்து 1902 வரை இருந்த நிரந்தரப் படையின் சாதாரணச் சிப்பாய்களுக்குப் பொருந்தும். அதிகாரிகள், கடற்படையினர், தன்னார்வப் படையினர் ஆகியோருக்கு வழி வேறு. அவர்களைப் பற்றிப் பிறகு.

எந்தப் போர்?

"ஆப்பிரிக்காவில் சண்டை போட்டார்" என்பது போதாது. அஷாந்திப் போர் 1873–74. குமாசி நகரம் 1874 பிப்ரவரி 4 அன்று பிடிபட்டது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு எல்லையில் கடைசி எல்லைப்போர் 1877-இல் தொடங்கியது. ஜூலு போர் 1879 ஜனவரி 11 முதல் ஜூலை 4-இல் உலுண்டியில் நடந்த சண்டை வரை. முதல் போயர் போர் 1880 டிசம்பரிலிருந்து 1881 பிப்ரவரி 27-இல் மஜூபா மலையில் பிரிட்டிஷார் தோற்றது வரை நடந்தது. எகிப்து, சூடான் போர்கள் 1882-இல் ஆரம்பித்து, 1898 செப்டம்பர் 2 ஒம்துர்மான் சண்டை வரை விட்டு விட்டு நடந்தன. இரண்டாம் போயர் போர் 1899 அக்டோபர் 11 முதல் 1902 மே 31 வரை.

எந்தப் போர் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பதக்கத்தையோ படத்தில் உள்ள சீருடையையோ வைத்து ரெஜிமென்டைக் கண்டுபிடித்தால் போர் தானாகத் தெரிந்துவிடும்.

படி 1: வீட்டில் இருப்பதைப் பாருங்கள்

பதக்கம் இருந்தால் அதுதான் முதல் ஆவணம். அதன் முகப்பில் இருக்கும் ராணியின் தலையை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். நாணயத்தின் ஓரம் போன்ற அந்தச் சுற்றுவிளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, பகல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் படியுங்கள். பாலிஷ் போடவே கூடாது. நூறு ஆண்டு தேய்ந்த எழுத்தின் கடைசிப் பள்ளத்தையும் அது தின்றுவிடும்.

விளிம்பு சமமில்லாமல் இருந்தாலோ, பொறித்த எழுத்தைச் சுற்றி உலோகம் அரத்தால் ராவியது போல் தெரிந்தாலோ, அது பெயர் மாற்றிய பதக்கமாக இருக்கலாம். ஒருவர் தொலைத்த பதக்கத்துக்குப் பதிலாக இன்னொருவருடையதை வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டது அந்தக் காலத்திலேயே உண்டு. விற்பனைக்காகச் செய்த மோசடியும் உண்டு. கேலிபர் வைத்து விட்டத்தை அளந்து, அதே வகைப் பதக்கம் இன்னொன்றோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ராவிய பதக்கம் சற்றுச் சிறுத்திருக்கும்.

அடுத்து, டிஸ்சார்ஜ் சான்று, பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய குறிப்பு, திருமணச் சான்று, கல்லறைக் கல். திருமணச் சான்றில் மாப்பிள்ளையின் தொழில் என்று "சிப்பாய், 2/24" என்பது போல் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் வரும் எண் பட்டாலியன், அடுத்தது ரெஜிமென்ட். பட்டாலியன் என்பது ரெஜிமென்டின் உட்பிரிவு, கம்பெனி என்பது பட்டாலியனின் உட்பிரிவு. அதைத் திருப்பிப் படித்து 24-ஆவது பட்டாலியனைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர்.

படி 2: எண்ணையும் ரெஜிமென்டையும் புரிந்துகொள்ளுங்கள்

ஆதார் எண்ணைப் போல ஆளுக்கு ஓர் எண் என்று நினைத்துவிட வேண்டாம். 1920 வரை ஒவ்வொரு ரெஜிமென்டும் தனக்கென்று எண்வரிசை வைத்திருந்தது. 1234 என்ற எண் ஒரே நேரத்தில் பல ரெஜிமென்டுகளில் பலருக்கு இருந்திருக்கும். ஒருவர் வேறு ரெஜிமென்டுக்கு மாற்றலானால் புது எண் வாங்குவார். ஆகவே எண்ணும் ரெஜிமென்டும் சேர்ந்தால்தான் அடையாளம்.

எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜூலு போரில் பிரிட்டிஷார் காத்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற காவலிடம் நல்ல எடுத்துக்காட்டு. 1879 ஜனவரி 22–23-இல் அங்கே தற்காத்து நின்றவர்கள் சுமார் 150 பேர், அவர்களில் 11 பேருக்கு பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ். அந்த 11 பேரில் இரண்டு பேர் ஜோன்ஸ்: 593 வில்லியம் ஜோன்ஸ், 716 ராபர்ட் ஜோன்ஸ். இருவரும் 24-ஆவது ரெஜிமென்டின் 2-ஆவது பட்டாலியன், அதிலும் ஒரே பி கம்பெனி. அந்தக் கம்பெனியில் இன்னும் ஜோன்ஸ்கள் இருந்தார்கள். எண் இல்லாமல் இவர்களைப் பிரிக்க வழியே இல்லை.

அந்தக் காலத்து 24-ஆவது ரெஜிமென்ட் தாள்களில் எண்ணுக்கு முன்னால் 25, பிறகு ஆங்கில 'பி' என்ற எழுத்து, ஒரு சாய்வுக் கோடு என்று வரும். ரெஜிமென்டுகளை ஊர்வாரியான சேர்க்கை நிலையங்களோடு இணைத்து 1873-இல் கொண்டுவந்த பிரிகேடு டெப்போ முறையின் அடையாளம் அது. பிரெகன் ஊர் டெப்போவின் எண் 25. இதைப் பார்த்து "25-ஆவது ரெஜிமென்ட்" என்று எழுதிவைக்கக் கூடாது.

1881 ஜூலை 1 அன்று காலாட்படை ரெஜிமென்டுகளுக்கு எண் போய் ஊர்ப்பெயர் வந்தது. 24-ஆவது, சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆனது. 58-ஆவது, நார்தாம்ப்டன்ஷயர் ரெஜிமென்டின் 2-ஆவது பட்டாலியன் ஆனது. 94-ஆவது, கனாட் ரேஞ்சர்ஸின் 2-ஆவது பட்டாலியன் ஆனது. 1878-இல் சேர்ந்து 1890-இல் வெளியேறியவரின் ஆவணம் புதுப்பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். பழைய எண்ணைத் தட்டினால் கிடைக்காமல் போகலாம்.

படி 3: எப்படி வெளியேறினார் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

லண்டனின் க்யூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் சிப்பாய்களின் சேவை ஆவணங்கள் இருக்கும் முக்கியமான தொகுப்பு டபிள்யூ.ஓ. 97. வார் ஆபீஸ் என்பதன் முதலெழுத்துகள்தான் டபிள்யூ.ஓ. தளங்களில் தேடும்போது இதையும் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் இட வேண்டும். இந்தத் தொகுப்பு 1760 முதல் 1913 வரை போகிறது. ஆனால் 1883-க்கு முன் வெளியேறியவர்களில் பென்ஷன் பெற்றவர்களின் தாள்கள் மட்டுமே இதில் உண்டு. 1883 முதல், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவர்கள், பணம் கட்டி வெளியேறியவர்கள் ஆகியோரின் தாள்களும் சேர்ந்துகொண்டன. பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் தாள்களை எந்தக் காலத்திலும் பொதுவாக இதில் எதிர்பார்க்க முடியாது.

1870-இல் குறுகிய காலச் சேவை முறை வந்தது. மொத்தம் 12 ஆண்டு ஒப்பந்தம். தொடக்கத்தில் காலாட்படைக்கு 6 ஆண்டு படையில், 6 ஆண்டு ரிசர்வில். பிறகு 7-ம் 5-ம் ஆனது. ரிசர்வ் என்றால் வீட்டுக்குப் போய்விட்டாலும் கூப்பிட்டால் படைக்குத் திரும்ப வேண்டும். ரிசர்வுக்குப் போவது டிஸ்சார்ஜ் ஆகாது. ரிசர்வும் முடிந்த பிறகே கோப்பை மூடுவார்கள்.

இப்போது நான்கு கற்பனைச் சிப்பாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் ஜூலு போரில் இருந்தவர்கள்.

முதலாமவர் 1858-இல் 18 வயதில் சேர்ந்து, 21 ஆண்டு முடித்து 1879 கடைசியில் பென்ஷனோடு போனார். ஆவணம் இருக்கும். இரண்டாமவர் 1877 ஜனவரியில் சேர்ந்தவர், 1883-இல் ரிசர்வுக்குப் போய் 1889-இல் டிஸ்சார்ஜ் ஆனார். இவருக்குப் பென்ஷன் இல்லை, ஆனாலும் 1883-க்குப் பிறகு வெளியேறியதால் ஆவணம் இருக்க நல்ல வாய்ப்பு. மூன்றாமவரும் 1877-இல் சேர்ந்தவர்தான், 1880-இல் பணம் கட்டி வெளியேறினார். இவருடைய தாள்களை டபிள்யூ.ஓ. 97-இல் எதிர்பார்க்க முடியாது. நான்காமவர் 1879 ஜனவரி 22 அன்று, ஜூலுக்கள் பிரிட்டிஷ் முகாமை அழித்த இசாண்டில்வானாவில் இறந்தார். அவருக்கும் இல்லை.

ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள், ஒரே போர். இரண்டு பேரின் கண் நிறம்கூட நமக்குத் தெரியும், மற்ற இருவருக்குப் பெயரும் எண்ணும்தான் மிச்சம்.

போயர் போர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 1902-இல் திரும்பி வந்தவர் 1914-இல் மறுபடி சேர்ந்திருந்தால், பழைய தாள்களைப் புதுக் கோப்பில் சேர்த்துவிடுவது வழக்கம். அந்த உலகப்போர்க் கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் லண்டன் கிடங்கில் எரிந்துபோயின. மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363-இலும், பென்ஷன் அமைச்சகத்திடமிருந்து மீட்டவை டபிள்யூ.ஓ. 364-இலும் உள்ளன. 1913 வரை தேடிக் கிடைக்காத போயர் போர்ச் சிப்பாயை இந்த இரண்டிலும் தேடாமல் விடக் கூடாது.

படி 4: இணையத்தில் தேடும் முறை

டபிள்யூ.ஓ. 97-இன் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பிரிட்டிஷ் ஆர்மி சர்வீஸ் ரெக்கார்ட்ஸ் என்ற தொகுப்பில் உள்ளன. சந்தா கட்ட வேண்டும். க்யூவுக்கு நேரில் போகிறவர்கள் அங்குள்ள கணினியில் காசில்லாமல் பார்க்கலாம். 1854 வரை வெளியேறியவர்களின் பெயர்கள் ஆவணக்காப்பகத்தின் சொந்தப் பட்டியலான டிஸ்கவரியிலேயே இலவசமாக வரும், நம்முடைய போர்களுக்கு அது உதவாது.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கட்டம் கூடக் கூட முடிவு குறையும். குடும்பப்பெயரும் முதல்பெயரும் மட்டும் இட்டுத் தொடங்குங்கள். முடிவு ஆயிரக்கணக்கில் வந்தால் பிறந்த ஆண்டைச் சேருங்கள், இரண்டு மூன்று ஆண்டு முன்பின் விட்டு. வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் ஏராளம், குறைத்துச் சொன்ன முன்னாள் சிப்பாய்களும் உண்டு. ரெஜிமென்ட் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அட்டவணை தயாரித்தவர்கள் ஒரே ரெஜிமென்டைப் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். எண் தெரிந்தால் பெயரையே விட்டுவிட்டு எண்ணை மட்டும் இட்டுப் பாருங்கள். பெயரைத் தப்பாகப் படித்து ஏற்றியவர்கள் எண்ணைச் சரியாக ஏற்றியிருப்பார்கள்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பெயர்களில் மேக் என்பது மூன்று விதமாக வரும், ஓ என்ற முன்னொட்டு சில சமயம் இருக்காது. எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இட்டுத் தேடுவது இங்கே கைகொடுக்கும்.

பொய்ப் பெயரில் சேர்ந்தவர்களை மறந்துவிடாதீர்கள். ரோர்க்ஸ் டிரிஃப்டில் விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜான் வில்லியம்ஸின் உண்மைப் பெயர் ஜான் ஃபீல்டிங். கடனுக்குப் பயந்தோ மனைவியிடமிருந்து ஓடிவந்தோ இன்னொரு ரெஜிமென்டிலிருந்து தப்பியோடியோ பெயர் மாற்றியவர்கள் பெரும்பாலும் தாயின் குடும்பப்பெயரையோ நடுப்பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களிலும் ஒருமுறை தேடுங்கள்.

முடிவு கிடைத்ததும் ஒரே படத்தைச் சேமித்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஓர் ஆளுக்கு நான்கு முதல் எட்டுப் பக்கம், சிலருக்கு அதற்கும் மேல். முன்னும் பின்னும் புரட்டி, அடுத்தவரின் தாள் எங்கே தொடங்குகிறது என்று பார்த்த பிறகே நிறுத்துங்கள். ஒரே கோப்பில் ஒரே பெயருடைய இரண்டு பேரின் தாள்கள் கலந்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். தவறான இடத்தில் அடுக்கப்பட்ட தாள்களுக்கென்று டபிள்யூ.ஓ. 97-இன் கடைசியில் தனிக் கட்டுகளே இருக்கின்றன.

படி 5: தாளைப் படிப்பது

முதல் தாள் சேர்க்கைப் படிவம். பிறந்த ஊர், வயது, முன்பு பார்த்த தொழில், ஏற்கெனவே ராணுவத்தில் இருந்தாரா என்ற கேள்விக்கு பதில், கையெழுத்து அல்லது கைநாட்டுக்கு ஈடான பெருக்கல் குறி. அதோடு உயரம், மார்பளவு, தோல், கண், முடி நிறம், மதம், பச்சை குத்தியது உட்பட உடல் அடையாளங்கள். தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் கூலியாள் என்று இருக்கும், அதற்கு மேல் அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

அடுத்த தாள் பணி விவரம்: பதவி உயர்வு, இறக்கம், சிறை, நன்னடத்தைக்காக நாளுக்கு ஒரு பென்னி கூடுதல் சம்பளம் கிடைத்த தேதி, பிறகு அதை இழந்த தேதி. குடித்ததற்காக இறக்கப்பட்டு, ஏறி, மறுபடி இறங்கிய கார்ப்பரல்கள் மலிவு. தாத்தாவின் தாளில் பார்த்தால் அதிர வேண்டாம்.

நமக்கு முக்கியமானது ராணுவ வரலாற்றுத் தாள். நாடு, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை, எத்தனை ஆண்டு, எத்தனை நாள் என்று கட்டங்கள் இருக்கும். 2/24-இல் இருந்த ஒருவருடைய தாள் இந்த வரிசையில் ஓடும்: உள்நாடு என்று ஒரு வரி, 1878 பிப்ரவரி தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா, 1880 தொடக்கத்தில் ஜிப்ரால்டர், அதே ஆண்டில் இந்தியா. இந்தியா என்று எழுதாமல் பழைய வழக்கப்படி கிழக்கிந்தியா என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். கப்பல் ஏறிய நாளிலிருந்தே வெளிநாட்டுச் சேவை தொடங்குவதாகக் கணக்கு. அதனால் தாளில் உள்ள தேதியில் அவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது, அன்று அவர் போர்ட்ஸ்மத்தில் கப்பலில் நின்றிருப்பார்.

கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். ஆண்டும் நாளும் சேர்ந்து மொத்தச் சேவைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் ஏதோ காலம் கழிக்கப்பட்டிருக்கிறது: தப்பியோடியதோ, சிறையோ, 18 வயதுக்கு முன் பையனாக இருந்த சேவையோ. பென்ஷனுக்குப் பையன் காலச் சேவை சேராது.

அதே தாளின் கீழே போர்கள், காயங்கள், பதக்கங்கள், நெருங்கிய உறவினர், திருமணம் ஆகியவை. இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. "தென்னாப்பிரிக்கா 1879" என்ற ஒரே வரியோடு எழுத்தர் முடித்திருப்பார். எந்தச் சண்டை, எந்தக் கம்பெனி என்று பெரும்பாலும் இருக்காது. இசாண்டில்வானாவில் 24-ஆவது ரெஜிமென்டில் அழிந்தவை 1-ஆவது பட்டாலியனின் ஐந்து கம்பெனிகளும் 2-ஆவது பட்டாலியனின் ஒரு கம்பெனியும். அதே பட்டாலியனின் பி கம்பெனி சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ரோர்க்ஸ் டிரிஃப்டில் தப்பியது. கம்பெனியைப் பொறுத்துத்தான் உயிர். ஆனால் சேவைத் தாளில் அந்த விவரமே இருக்காது. "இந்த ரெஜிமென்டில் இருந்தார், ஆகவே அந்தச் சண்டையில் இருந்தார்" என்று எழுதப்பட்ட குடும்ப வரலாறுகளை நம்பாதீர்கள்.

படி 6: பதக்கப் பட்டியல்

சேவைத் தாள் கிடைக்காதவர்களுக்கு இதுதான் பற்றுக்கோடு. கிடைத்தவர்களுக்கும் இது இல்லாமல் படம் முழுமை பெறாது. பதக்கம் உயிரோடு இருந்தவருக்கும் இறந்தவருக்கும் உண்டு. அதனால் பட்டியலும் இருவரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. தொகுப்பு டபிள்யூ.ஓ. 100, படங்கள் ஆன்செஸ்ட்ரி தளத்தில். அட்டவணை பல இடங்களில் முதலெழுத்தை மட்டும் கொடுக்கிறது, ஆகவே ரெஜிமென்ட் தெரியாமல் இங்கே இறங்கினால் மூழ்கிப்போவீர்கள்.

பதக்க நாடாவின் குறுக்கே பொருத்தும் உலோகப் பட்டைகளைப் பற்றி ஒவ்வொரு போருக்கும் தனி விதி உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பட்டியலின் கட்டங்கள் பேச ஆரம்பிக்கும்.

1877–79 தென்னாப்பிரிக்கப் பதக்கத்தில் பட்டை ஆண்டைக் காட்டும், ஆனால் நேரடியாக அல்ல. 2/24 பட்டாலியன் 1878-இல்தான் வந்திறங்கியது. ஆனாலும் அதன் வீரர்கள் பலருடைய பட்டையில் 1877-8-9 என்று இருக்கும். 1877-இல் தொடங்கி 1878-இல் முடிந்த எல்லைப்போரில் பங்கெடுத்தாலே அந்தப் போரின் ஆண்டுகள் முழுதும் பட்டையில் வந்துவிடும். பட்டையில் 1877 இருப்பதால் அவர் 1877-இல் அங்கே இருந்தார் என்று ஆகாது. 1879-இல் நேட்டாலிலேயே இருந்து எல்லை தாண்டாதவர்களுக்குப் பதக்கம் உண்டு, பட்டை கிடையாது.

முதல் போயர் போருக்கு பிரிட்டிஷ் அரசு பதக்கமே தரவில்லை. தோற்ற போருக்குப் பதக்கம் அடித்துக் கொடுக்க மனம் வரவில்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். மஜூபாவில் நின்றவரை டபிள்யூ.ஓ. 100-இல் அந்தப் போருக்காகத் தேடுவது வீண். சம்பளப் பட்டியலுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் போயர் போருக்கு இரண்டு பதக்கம். ராணியின் தென்னாப்பிரிக்கப் பதக்கத்துக்கு மொத்தம் 26 வகைப் பட்டைகள். அவற்றில் கேப் காலனி, நேட்டால் இரண்டையும் ஒருவரே பெற முடியாது. குடும்பப் பதக்கத்தில் இரண்டும் இருந்தால் யாரோ கடையில் வாங்கிச் சேர்த்தது. அரசரின் பதக்கம் 1902 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ களத்தில் இருந்து, 1902 ஜூன் 1-க்கு முன் 18 மாதம் முடித்தவர்களுக்கு. அதில் தென்னாப்பிரிக்கா 1901, தென்னாப்பிரிக்கா 1902 என்ற இரண்டு பட்டைகள். அந்தத் தகுதி இல்லாதவர்களுக்கு அதே ஆண்டுப் பட்டைகள் ராணியின் பதக்கத்தில் வரும். இரண்டு பதக்கத்திலும் ஆண்டுப் பட்டை இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

இதனால் ஒருவர் பெயர் ஒரே பட்டாலியனின் இரண்டு மூன்று பட்டியல்களில் வரும்: முதலில் ஊர், சண்டைப் பட்டைகளுக்கு, பிறகு ஆண்டுப் பட்டைகளுக்கு, பிறகு அரசரின் பதக்கத்துக்கு. முதல் பட்டியலோடு நிறுத்தினால் பாதிதான் கிடைக்கும். கடைசிக் கட்டமான குறிப்புகளை ஒருபோதும் தாண்டிப்போகாதீர்கள். இறந்தார், ஊனமாகித் திருப்பி அனுப்பப்பட்டார், தப்பியோடியதால் பதக்கம் பறிக்கப்பட்டது, இன்னின்ன பிரிவுக்கு மாற்றலானார் என்பதெல்லாம் அந்த அரை அங்குல இடத்தில்தான் இருக்கும்.

இறந்தவர்களுக்கு

ஜூலு போரில் இறந்தவருக்குப் பதக்கப் பட்டியலும் காலாண்டுச் சம்பளப் பட்டியலும்தான் முக்கிய வழி. நம்மூர் மஸ்டர் ரோல் மாதிரிதான். ஒவ்வொரு சிப்பாய்க்கும் எத்தனை நாள் சம்பளம், எங்கே இருந்தார், ஆஸ்பத்திரியிலா சிறையிலா என்று எழுதியிருக்கும். 1878 வரை டபிள்யூ.ஓ. 12, அதற்குப் பிறகு டபிள்யூ.ஓ. 16. பீரங்கிப் படைக்கு 1878 வரை டபிள்யூ.ஓ. 10. இந்தக் காலத்துக் கட்டுகள் பலவற்றின் கடைசியில் அனுமதி பெற்றுத் திருமணம் செய்தவர்களின் பட்டியல், மனைவி, பிள்ளைகள் விவரத்தோடு இருக்கும். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அது பெரிய வரம்.

போயர் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினர் சுமார் 22,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் குண்டுபட்டுச் சாகவில்லை, டைஃபாய்டு போன்ற நோய்களால் போனார்கள். உயிரிழப்புப் பட்டியல்கள் டபிள்யூ.ஓ. 108-இல் உள்ளன. 1901 முதல் இறந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பதிவேடு உண்டு: இறந்த சிப்பாயின் பாக்கிச் சம்பளம் யாருக்குப் போனது என்ற கணக்கு. லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தினுடையது, ஆன்செஸ்ட்ரியில் பார்க்கலாம். பணம் வாங்கிய தாயின், மனைவியின், தங்கையின் பெயர் அதில் இருக்கும்.

இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 1,300-க்கும் மேல். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் நேட்டாலின் ஆப்பிரிக்கப் படையினர். அவர்களுக்கு இதுவரை சொன்ன எந்தத் தொகுப்பிலும் பெயர்வாரியான சேவைத் தாள் கிடையாது. ஆவணம் யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அவர்களைத்தான் காட்டும்.

மற்றவர்கள், சுருக்கமாக

அதிகாரிகளுக்கு டபிள்யூ.ஓ. 76, டபிள்யூ.ஓ. 25. அதற்கு முன் அரசிதழான லண்டன் கெஜட்டையும் அதிகாரிகளின் பட்டியலான ஆர்மி லிஸ்ட்டையும் பாருங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம், பின்னதை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஏற்றியிருக்கிறது. 1899 டிசம்பர் தோல்விகளுக்குப் பிறகு அவசரமாகத் திரட்டிய இம்பீரியல் யோமன்ரி குதிரைப்படைக்கு டபிள்யூ.ஓ. 128. தென்னாப்பிரிக்காவிலேயே திரட்டிய படைகளுக்கு டபிள்யூ.ஓ. 126, 127. உள்ளூர்ப் பகுதிநேரப் படையான மிலிஷியாவுக்கு டபிள்யூ.ஓ. 96. மாலுமிகளுக்கு ஏ.டி.எம். 188, கடற்படைப் பதக்கங்களுக்கு ஏ.டி.எம். 171. கடற்படைத் துறையான அட்மிரால்டி என்பதன் சுருக்கம்தான் ஏ.டி.எம்.

இந்தியா, இலங்கைத் தொடர்பு

1899-இல் நேட்டாலைக் காக்க முதலில் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. ஆகவே போயர் போர்ச் சிப்பாயின் தாளில் தென்னாப்பிரிக்காவுக்கு முந்தைய வரி கிழக்கிந்தியா என்று இருப்பது சாதாரணம். அவர் சென்னை மாகாணத்தில் கல்யாணம் செய்திருந்தால் அதன் பதிவு ராணுவத் தாளில் ஒரு வரியாகவும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ஆங்கில 'என்' எழுத்தும் 2-ம் சேர்ந்த குறியீடுள்ள சென்னைத் தேவாலயப் பதிவுகளில் முழு விவரமாகவும் இருக்கும். தமிழ்நாட்டு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவது சுலபம்.

அந்தப் பட்டாலியன்களோடு இந்தியக் குதிரைக்காரர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், டோலி தூக்குபவர்கள் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் ராணியின் பதக்கம் கொடுத்தார்கள். பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் உரக்கப் படித்துப் பார்த்தால்தான் பெயர் பிடிபடும். இலங்கையிலிருந்து 1900-இல் போன சிலோன் மவுண்டட் இன்ஃபன்ட்ரி அணியினருக்கும் டபிள்யூ.ஓ. 100-இல்தான் தேட வேண்டும்.

க்யூவுக்குப் போகிறவர்களுக்கு

சம்பளப் பட்டியல்கள் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. நேரில் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அதற்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அசலாகக் கொண்டுபோக வேண்டும். வாசிப்பறையில் பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. உங்கள் கைப்பேசியில் படம் எடுக்கக் கட்டணமில்லை. ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், கிளம்பும் முன் தளத்தில் நேரத்தைப் பார்த்து, கட்டுகளை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கட்டின் எண் எழுதிய அட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஊர் திரும்பியதும் எந்தப் பக்கம் எந்தக் கட்டில் இருந்தது என்று தெரியாது.

போக முடியாதவர்கள் ஆவணக்காப்பகத்தின் தளத்தில் பட்டியலிட்டிருக்கும் தனி ஆய்வாளர் ஒருவரை அமர்த்தலாம். அவர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். "என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எல்லாம் வேண்டும்" என்று எழுதாமல், பெயர், எண், ரெஜிமென்ட், பட்டாலியன், 1879 ஜனவரி–மார்ச் காலாண்டு என்று குறித்து எழுதினால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். காலாண்டு தெரியாவிட்டால் பதக்கப் பட்டியலின் குறிப்புக் கட்டத்தில் உள்ள தேதியைக் கொடுங்கள், அதை வைத்து அவரே சரியான கட்டை எடுத்துவிடுவார்.